நீளத் தொட்டி

சந்தை நாளில் தேனிக் கடைத்தெரு வழியாக எதைக் கொண்டுபோனாலும் அது நாலு ஊருக்குத் தெரிந்துவிடும். சாக்குக் கடை ஞானசிகாமணிக்கு இது தெரியாததா என்ன? இருபது வருடமாக அதே தெருவில் சாக்கும் கயிறும் விற்கிற மனுஷன். ஆனால் எழுபத்துமூன்றாம் வருடம் ஜனவரிக் கடைசியில், குமுளி மலையிலிருந்து அந்தத் தொட்டி இறங்கிய நாள் சனிக்கிழமையாக அமைந்துவிட்டது. முகைதீன் பாயின் ஜீப்புக்குப் பின்னால் கட்டிய ட்ரெய்லரில், நாலு சிங்கக்கால்களும் வெள்ளை வெளேரென்ற வயிறுமாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு அது ஊருக்குள் வந்தது.

"மாட்டுக்குக் கழனித் தொட்டியா அண்ணாச்சி?" என்று கேட்டார் வெங்காயக் கடைக்காரர்.

"மாடு எங்கன இருக்கு அவுகளுக்கு? சாக்குக்குச் சாயம் போடப் போறாக" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

ஞானசிகாமணி இரண்டு பேருக்கும் பொதுவாகச் சிரித்து வைத்தார். என் பெண்டாட்டியை வெந்நீரில் படுக்கவைக்க வாங்கி வருகிறேன் என்று நடுத்தெருவில் சொல்ல அவருக்குக் கூச்சம். அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தைதான் பிறகு ஊர் வாயில் வேறு வார்த்தையாக முளைத்தது.

அவருடைய மனைவி சுகிர்தத்துக்கு வயது நாற்பத்திரண்டு. வடுகபட்டிப் பெண். மூன்று வருடமாக மூட்டு வியாதி. முதலில் விரல்கள் வீங்கின, பிறகு மணிக்கட்டு, கடைசியில் இரண்டு முழங்காலும். வீக்கம் வற்றினாலும் கால் நீளவில்லை. படுத்தாலும் முழங்கால் கூரையைப் பார்த்து நிற்கும். மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டியபோது அவர் தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கடைசியில் மாத்திரைச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "மாத்திரை வலிக்குத்தான். தினமும் அரை மணி நேரம் கழுத்து வரைக்கும் வெந்நீரில் படுக்க வையுங்கள். தண்ணீருக்குள் காலைப் பைய நீட்டிவிடுங்கள். விட்டுவிட்டால் மடங்கியது மடங்கினபடியே நின்றுவிடும்."

சுகிர்தத்துக்கு நடப்பதுகூடப் பெரிய ஆசையாக இல்லை. அவளுக்கு முழங்கால் போட வேண்டும். அவர்கள் சபையில் நற்கருணை வாங்குகிறவர்கள் பீடத்துக்கு முன்னால் மரக்கிராதி ஓரமாக வரிசையாக முழங்காலிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். அவள் மட்டும் மூன்று வருடமாகப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க, போதகர் இறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போவார்.

"எல்லாரும் முழங்கால் போட்டு வாங்குறாக. நான் மட்டும் கல்யாணப் பந்தியில உக்காந்தவ மாதிரி கையை நீட்டுறேன். எனக்கே கேவலமா இருக்குங்க" என்பாள். சொல்லும்போது அழமாட்டாள். சேலைத் தலைப்பை இழுத்து முழங்காலை மூடிக்கொள்வாள்.

அதனால் ஞானசிகாமணி தொட்டி தேடப் புறப்பட்டார். முதலில் கல்யாண அண்டாவைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். உட்காரலாம், கால் நீட்ட முடியாது. மடங்கின காலை மேலும் மடக்குவதற்கு வைத்தியம் எதற்கு? அடுத்து கொத்தனாரை வைத்துச் செங்கல் தொட்டி கட்டினார். சிமெண்டு, ஊற்றின வெந்நீரின் சூட்டையெல்லாம் கால்மணி நேரத்தில் குடித்துவிட்டது. ஏறி இறங்கும்போது சுகிர்தத்தின் முழங்கையும் சிராய்த்துக்கொண்டது. தேனியிலும் மதுரையிலும் கடை கடையாகக் கேட்டார். கடைக்காரர்கள் நெல் அவிக்கிற தொட்டியைக் காட்டினார்கள்.

கூடலூருக்கும் குமுளிக்கும் ஜீப் ஓட்டுகிற முகைதீன்தான் ஒருநாள் சாக்கு வாங்க வந்த இடத்தில் சொன்னார்: "அண்ணாச்சி, மேல தேயிலை எஸ்டேட் பங்களா ஒண்ணுல வெள்ளைக்காரத் தொரை கிளம்பிப் போறாக. கட்டிலு, பீரோ எல்லாம் விக்கிறாக. குளிக்கிற தொட்டி ரெண்டு கெடக்கு. எனாமல் பூசுன இரும்பு. சூடு நிக்கும்."

போவதற்கு முந்தின நாள் ஞானசிகாமணி கடையிலிருந்து இரண்டு கையையும் விரித்த அளவுக்கு, ஒரு பாகம் சணல் கயிறு அறுத்து வந்தார். சுகிர்தத்தைப் பாயில் படுக்கவைத்து, உச்சந்தலையிலிருந்து மடங்கின காலின் குதிங்கால் வரை அளந்து ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு மகள் ஞானசெல்வியைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கவைத்தார். தாயும் மகளும் ஒரே உயரம். அவள் உயரத்துக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"ரெண்டு முடிச்சு எதுக்குப்பா?" என்றாள் ஞானசெல்வி.

"ஒண்ணு ஒங்கம்மா இப்ப இருக்கிறது. இன்னொண்ணு இருக்க வேண்டியது."

பங்களாவில் இரண்டு தொட்டி இருந்தன. ஒன்று குட்டையாக, ஆழமாக, முதல் முடிச்சுக்கு அளவெடுத்துச் செய்தது போல. மற்றது நீளம். கயிற்றைப் பிடித்துப் பார்த்தால் இரண்டாவது முடிச்சு அதன் மறுகோடியைச் சரியாகத் தொட்டது. பங்களாக் காவல்காரன் மலையாளி. "ரெண்டும் கொள்ளாம்", இரண்டும் நல்லதுதான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டான். முகைதீன் குட்டைத் தொட்டியைத் தட்டினார். "இதை எடுங்க அண்ணாச்சி. தண்ணியும் கம்மியாப் பிடிக்கும், வெறகும் மிச்சம். அக்காவுக்கு இதுவே தாராளம்."

ஞானசிகாமணி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். அவர் கருமி என்று பெயரெடுத்தவர். கடையில் ஒரு முழம் சணல் வீணாகப் போனால் முகம் சுண்டிவிடும். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: "நீளத்தையே ஏத்துங்க பாய். கால் நீண்டா எடம் வேணும்ல."

வீட்டுக்குப் பின்கட்டில் குளிப்பறைச் சுவரில் ஒரு பக்கம் இடித்துத்தான் தொட்டியை உள்ளே நுழைக்க முடிந்தது. அடியில் இருந்த ஓட்டைக்கு அடைப்பான் இல்லை. துரை அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாரோ என்னவோ. ஞானசிகாமணி சாக்குத் துணியில் மெழுகைத் தோய்த்து உருட்டி அவரே ஒன்று செய்துகொண்டார். தினமும் மதியம் மூன்று மணிக்கு வீட்டு வேலை பார்க்கும் பாண்டியம்மாள் காய்ந்த பருத்திமாரை அடுப்பில் அள்ளிப் போட்டு இரண்டு அண்டா வெந்நீர் காய்ச்சுவாள். கடையில் கூட்டம் இல்லாத நேரம் அது.

முதல் நாள் சுகிர்தம் தொட்டியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "உக்காந்த தண்ணியிலேயே ஊறவா? நான் என்ன எருமையா? குளிக்கிறதுன்னா மேலுக்கு ஊத்தணும், அழுக்கு கீழ ஓடணும்."

"வைத்தியத்துக்குத்தானத்தா."

"வைத்தியமோ பைத்தியமோ. எந்திரிக்கும்போது மூணு செம்பு நல்ல தண்ணி தலையில ஊத்தணும். அப்பத்தான் எனக்குக் குளிச்ச கணக்கு."

அப்படியே ஒப்பந்தமாயிற்று. பாவாடையை மார்பு வரை கட்டிக்கொண்ட அவளை ஞானசிகாமணி இரண்டு கையிலும் ஏந்திப் பைய இறக்கினார். வெந்நீர் கழுத்துக்கு ஏறியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் பேசவில்லை. ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவர் குனிந்து பார்த்தபோது சொன்னாள்: "வலி இல்லைங்க." அதையே இன்னொரு முறையும் சொன்னாள். "வலி இல்லைங்க, இப்ப வலி இல்ல."

ஞானசிகாமணி தலையைத் திருப்பிக்கொண்டு வாளியைத் துழாவினார். மூன்று வருடத்தில் அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை.

அந்த அரை மணி நேரத்தில்தான் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அரிசி, பருப்பு, பிள்ளையின் படிப்பு என்று பேசியதுதான் பேச்சு. இப்போது அவர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தண்ணீருக்குள் கையை விட்டு அவள் முழங்காலைப் பைய அமுக்குவார். அவள் சின்ன வயதில் வடுகபட்டிக் கண்மாயில் மூழ்கி மூச்சடக்கிப் பந்தயம் கட்டின கதை சொல்வாள். சில நாள் கீர்த்தனை பாடுவாள். நல்ல குரல். பக்கத்து வீட்டுச் சுவர் தாண்டிக் கேட்கும். அவர் எழுந்திருக்கப் பார்த்தால், "இன்னும் ஒரு வாளி ஊத்துங்க. சூடு பத்தல" என்பாள். ஒவ்வொரு நாளும் அதே ஒரு வாளி.

படுத்தால் அவள் குதிங்காலுக்கும் தொட்டியின் மறுகோடிக்கும் நடுவில் முதல் நாள் இரண்டு சாண் இடம் இருந்தது. மூட்டைக்கு மார்க் போடுகிற கறுப்பு மையைக் கடையிலிருந்து எடுத்துவந்து, குதிங்கால் நின்ற இடத்துக்கு நேராகத் தொட்டியின் விளிம்பில் ஒரு கோடு போட்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு கோடு. வாரா வாரம் கோடு நகர்ந்தது. ஒரு வாரம் அரை விரல்தான் நகரும், மறு வாரம் மூன்று விரல் போகும். ஒன்பதாவது கோட்டின்போது சுகிர்தம் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள். பன்னிரண்டாவது கோடு போட்டபோது இன்னும் நாலு விரல் இடம்தான் பாக்கி.

அதற்கு மறுநாள் ஈஸ்டர்.

நற்கருணைக்கு வரிசை எழுந்தபோது சுகிர்தமும் எழுந்தாள். ஞானசெல்வி பிடிக்க வந்ததைத் தள்ளிவிட்டாள். கிராதியைப் பிடித்தபடி முதலில் வலதுகாலை மடக்கினாள், பிறகு இடது. முழங்கால் மெத்தையில் பட்டதும் அவள் தோள் குலுங்கியது. கோயில் முழுக்கப் பார்த்தது. ஆண்கள் பக்கத்தில் நின்ற ஞானசிகாமணிக்குப் பாட்டுப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர்.

அங்கேதான் வினையும் பிடித்தது.

அந்த வருடம் பழனிசெட்டிபட்டிப் போகிற வழியில் முழுக்குச் சபைக்காரர்கள் புதிதாகக் கொட்டகை போட்டிருந்தார்கள். தலையில் தெளிப்பது ஞானஸ்நானமே அல்ல, ஆளை முழுசாகத் தண்ணீரில் முக்கி எடுத்தால்தான் ஞானஸ்நானம் என்பது அவர்கள் கட்சி. முழுக்கு எடுத்தால் தீராத நோய் தீரும் என்றும் சொல்லிக்கொண்டார்கள். ஏற்கெனவே இரண்டு குடும்பம் சபையை விட்டு அங்கே போய்விட்டதில் கமிட்டிக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். இப்படி இருக்கும்போது, மூன்று வருடம் முடங்கிக் கிடந்தவள் திடீரென்று எழுந்து முழங்கால் போட்டால் ஊர் என்ன நினைக்கும்?

"ஆத்துல இப்ப முழங்காலளவுகூடத் தண்ணி இல்ல. பெறகு எங்கன முக்குவாக? அதான் சாக்குக் கடை வீட்ல தொட்டி வந்து எறங்கிருச்சு" என்றார்கள். "மூணு மணியானா பாட்டுச் சத்தம் கேக்குது, தண்ணிச் சத்தம் கேக்குது" என்றது பக்கத்து வீடு. மாட்டுத் தொட்டி, சாயத் தொட்டி என்று சந்தை நாளில் பேசின வாய்களே இப்போது முழுக்குத் தொட்டி என்றன. உலைவாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

போதகர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர் மரக்கடைப் பொன்னுராஜ். கமிட்டியில் மூத்த உறுப்பினர். அவருடைய மகனுக்குத்தான் ஞானசெல்வியைப் பேசி முடித்து, ஜூன் மாதம் கல்யாணம் வைப்பதாக இருந்தது. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைத் தொடாமல் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நேரடியாவே கேக்கேன். கோவிச்சுக்கிறக் கூடாது. வீட்ல அவுக முழுக்கு எடுத்தாகளா?"

"ஐயையோ, என்ன பேச்சு இது! டாக்டர் சொன்னாக, வெந்நீர்ல..."

"வெந்நீர்னா வாளியில ஊத்திக்கிற வேண்டியதுதான? ஆளை முக்குற தொட்டி எதுக்கு? நான் நம்புறேன், ஊரு நம்பணும்ல. முழுக்கு வீட்ல பொண்ணெடுத்தான்னு நாளைக்கு என்னையக் கமிட்டியில வச்சுக் கேப்பாக. தொட்டி வீட்ல இருக்கிற வரைக்கும் ஓலை வாசிக்கச் சொல்ல எனக்கு மனசு வரல."

கல்யாண அறிவிப்பு மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டும். அதைத்தான் ஓலை என்பார்கள். ஓலை நின்றால் கல்யாணம் நின்ற மாதிரி.

ஞானசிகாமணி அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தொட்டியைக் காட்டியிருக்கலாம். விளிம்பில் இருந்த பன்னிரண்டு கோட்டையும் விரலால் தொட்டு எண்ணச் சொல்லியிருக்கலாம். டாக்டர் சீட்டைக் காட்டியிருக்கலாம். இதெல்லாம் அவருக்குப் பிற்பாடு வருடக்கணக்கில் தோன்றியது. அன்றைக்குத் தோன்றியது ஒன்றுதான். சம்பந்தி வாசலைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

"அவளுக்குத்தான் கால் சரியாயிருச்சே அண்ணாச்சி. இனி எங்களுக்குத் தொட்டி எதுக்கு? நாளைக்கே தள்ளிவிட்டுர்றேன்" என்றார்.

அறைக்குள் இருந்த சுகிர்தத்துக்கு அது கேட்டது. பொன்னுராஜ் போனபிறகு அவள் ஒரே கேள்வி கேட்டாள்: "எனக்குச் சரியாயிருச்சாங்க?"

"கல்யாணம் முடியட்டும் சுகிர்தம். ஒரு ரெண்டு மாசம். பெறகு நானே கொண்டாந்து போடுறேன்."

"நாலு வெரல்தான் பாக்கி" என்றாள் அவள். "சரி. பிள்ளைக்காகத்தான."

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் முகைதீனுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. கொடிக்கு மருந்தடிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைக்கத் தொட்டி தேடிக்கொண்டிருந்தார். அங்கே போயிற்று. போகும்போது ஞானசிகாமணி விடிகாலையில், படுதா போட்டு மூடி, தெருவில் ஆள் நடமாடுவதற்கு முன்னால் அனுப்பினார். வரும்போது இல்லாத புத்தி போகும்போது இருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. இரண்டு மாதம் கழித்துச் சுகிர்தம் கேட்டாள். "இப்பத்தான சம்பந்தம் ஆயிருக்கு, கொஞ்சம் பொறு" என்றார். ஞானசெல்வி மாசமாக இருந்தபோது கேட்டாள். பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடியட்டும் என்றார். முடிந்தது. அதற்குள் கமிட்டித் தேர்தலில் பொன்னுராஜே முன்னால் நின்று அவரைச் செயலாளர் ஆக்கிவிட்டார். செயலாளர் வீட்டில் முழுக்குத் தொட்டி இருக்கலாமா? அவள் கேட்பதற்கு முன்னாலேயே அவர் முகம் மாறிவிடும். அதைப் பார்த்துப் பார்த்து அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

பாண்டியம்மாள் வாளியில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் தண்ணீரில் கிடந்த மாதிரி ஆகவில்லை. அடுத்த ஈஸ்டருக்குச் சுகிர்தம் கிராதியைப் பிடித்து நின்றபடி நற்கருணை வாங்கினாள். அதற்கடுத்த ஈஸ்டருக்குப் போதகர் பெஞ்சுக்கே இறங்கி வந்தார். அப்புறம் அவள் கோயிலுக்கே வரவில்லை. முழங்கால் இரண்டும் மேலேறி வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. டாக்டர் சொன்னபடியேதான், மடங்கியது மடங்கினபடியே நின்றுவிட்டது. மதியம் மூன்று மணிக்கு ஞானசிகாமணி கடையில் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் வீட்டுக்குப் போக அவருக்குத் தைரியம் வராது.

எழுபத்தாறாம் வருடம் தை பிறந்து பத்து நாளில் சளிக் காய்ச்சல் வந்து, நாலாம் நாள் விடியும் நேரத்தில் சுகிர்தம் போய்ச் சேர்ந்தாள்.

சம்பந்தி முறைக்குப் பெட்டி பொன்னுராஜின் மரக்கடையிலிருந்துதான். அளவெடுக்க ஆசாரி முத்துக்கருப்பன் வந்தார். கட்டிலைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். டேப்பை எடுப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

"அண்ணாச்சி, கால் இப்பிடி நிக்கிது. மூடி போட வராது. நீளத்தைக் கொறைச்சு, ஒசரத்தைக் கூட்டிப் போட்டுறவா?"

ஞானசிகாமணி எழுந்து போனார். பரணில் கையை விட்டுத் துழாவி ஒரு சணல் கயிற்றை எடுத்துவந்து ஆசாரி கையில் கொடுத்தார். தூசி படிந்த கயிறு, இரண்டு முடிச்சு.

"இதுல ரெண்டாவது முடிச்சு அளவுக்குப் போடுங்க."

முத்துக்கருப்பன் கயிற்றைக் கட்டிலோரம் பிடித்துப் பார்த்தார். "மொத முடிச்சுகூட வேண்டாமே அண்ணாச்சி. அதுக்கும் கீழ வந்துட்டாகளே."

"ரெண்டாவது முடிச்சுன்னு சொல்றேன்ல!"

வீடே திடுக்கிட்டது. ஞானசிகாமணி சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பொன்னுராஜ் எழுந்து அவர் தோளைப் பிடித்தார். அப்போது அடுப்படி வாசலிலிருந்து பாண்டியம்மாள் பேசினாள். பெரிய மனுஷர்கள் இருக்கிற இடத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"வெந்நீர்ல போட்டா நீளும் மொதலாளி. எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தண்ணி காய்ச்சுனது நாந்தான."

பொன்னுராஜ் அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். "அந்தத் தொட்டி இப்ப எங்கன இருக்கு?"

முகைதீன் ஜீப்பில் பொன்னுராஜே ஏறிக்கொண்டு போனார். உச்சிப்பொழுதில் தொட்டி அதே கடைத்தெரு வழியாக, படுதா இல்லாமல் வந்தது. கடைக்காரர்கள் இறங்கி நின்றார்கள். எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கமிட்டிக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து தூக்கிப் பின்கட்டில் வைத்தார்கள். உள்ளே வெள்ளை போய் எங்கும் மயில்துத்த நீலம் ஏறியிருந்தது. பொன்னுராஜ் சட்டையைக் கழற்றிவிட்டுப் புளியும் மணலும் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார். நீலம் பாதி போயிற்று, பாதி போகவில்லை. விளிம்பைத் தேய்க்கும்போது கை நின்றது.

"இந்தக் கறுப்புக் கோடெல்லாம் என்ன அண்ணாச்சி?"

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நான் போட்டது. அவ கால் எம்புட்டு நீண்டிருக்குன்னு."

பொன்னுராஜ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிக் கோட்டுக்கும் தொட்டியின் கோடிக்கும் நடுவில் நாலு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். அதன்பின் அவர் அந்த விளிம்பைத் தேய்க்கவில்லை.

பெண்கள் நாலு பக்கமும் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டார்கள். ஞானசிகாமணி சுகிர்தத்தை இரண்டு கையிலும் ஏந்தி, முன்னால் செய்தது போலவே பைய இறக்கினார். முன்பு இருந்த கனத்தில் பாதிகூட இல்லை. முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தண்ணீருக்குள் கையை விட்டு முழங்காலைப் பிடித்தார். மறைப்புக்கு வெளியே பொன்னுராஜ் வாளி வாளியாக வெந்நீர் கொண்டுவந்து பாண்டியம்மாளிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கால்மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வலது முழங்கால் அவர் உள்ளங்கைக்குள் இளகியது. அவர் பைய அமுக்கினார். வலிக்கப்போகிறதே என்று பழக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். இடதும் இளகியது. குதிங்கால் முதல் கோட்டைத் தாண்டியது, ஐந்தாவது, ஒன்பதாவது, பன்னிரண்டாவது கோட்டையும் தாண்டியது. அந்த நாலு விரல் இடத்தையும் கடந்து, இரண்டு பாதமும் தொட்டியின் மறுகோடியில் போய்ப் பொருந்தி நின்றன.

"நீண்டுருச்சுப்பா" என்றாள் ஞானசெல்வி. சொன்னவள் சேலை மறைப்பை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஞானசிகாமணி பார்த்தார். அவர் வாங்கிவந்த நீளம் சரியாகத்தான் இருந்தது. ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே நீண்டிருக்கும். அதை நிறுத்தினது ஊர் அல்ல, சம்பந்தி அல்ல, தான்தான் என்று அவருக்கு அந்த இடத்தில் தெரிந்தது. இனி அதைத் தெரிந்து என்ன செய்ய? தண்ணீரிலிருந்து கையை எடுத்து நெஞ்சில் அடித்துக்கொண்டார். ஆண்பிள்ளை அழுவதைப் பார்த்து அங்கே நின்ற பெண்களும் சத்தம் விட்டு அழுதார்கள்.

மறைப்புக்கு வெளியிலிருந்து பொன்னுராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தண்ணி போதுமா அண்ணாச்சி? எடுத்துறலாமா?"

ஞானசிகாமணி செம்பை எடுத்தார். மூன்று செம்பு நல்ல தண்ணீர் தலையில் ஊற்ற வேண்டும், அப்போதுதான் அவளுக்குக் குளித்த கணக்கு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருந்தது.

"இன்னும் ஒரு வாளி கொண்டாங்க" என்றார். "அவளுக்குச் சூடு பத்தாது."